திருச்சியில் சுத்தின விமானமும் எங்க வார்டு டியூபும்

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க மக்களே.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை அன்னிக்கு சாயங்காலம் நம்மள்ல பாதிப்பேர் டிவி முன்னாடிதான் இருந்தோம். திருச்சியில இருந்து சார்ஜா கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், 141 பயணிகளோட, ஹைட்ராலிக் கோளாறுன்னு வானத்துல சுத்திக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல. கீழ ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரிசையா நின்னுச்சு. ராத்திரி எட்டே கால் வாக்குல பத்திரமா இறக்கிட்டாங்க.

"கோளாறுன்னு தெரிஞ்சா உடனே இறக்க வேண்டியதுதானே, எதுக்கு சுத்துறாங்க?" எனக்கு வந்த வாட்ஸ்அப் மெசேஜ் பூரா இதுதான்.

அது போயிங் 737. பறக்கும்போதே எரிபொருளைக் கொட்டுற வசதி அதுல கிடையாது, எரிச்சுத்தான் தீர்க்கணும். சார்ஜா வரைக்கும் நிரப்பின டேங்கோட இறங்கினா எடை ஜாஸ்தி, வேகம் ஜாஸ்தி, நிக்கிறதுக்கு ஓடுபாதை நிறைய வேணும். பிரேக்குக்கும் ஹைட்ராலிக்தான் ஆதாரம். அதனால சுத்தி எடையைக் குறைச்சாங்க. கீழ இருந்து பாக்குறவனுக்கு அது சும்மா சுத்துற மாதிரிதான் தெரியும்.

இந்த மாதிரி நேரத்துக்கு விமானிகளுக்கு ஒரு பழக்கம் வெச்சிருக்காங்க. ஒருத்தர் விமானத்தை ஓட்டுறதை மட்டும் பாக்கணும். இன்னொருத்தர் செக்லிஸ்ட்டை எடுத்து வரி வரியா வாசிக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து லைட்டையே பாக்கக் கூடாது.

பாத்தா என்ன ஆகும்? 1972 டிசம்பர் 29. நியூயார்க்கில இருந்து மயாமி போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401. முன்சக்கரம் இறங்கிடுச்சுன்னு காட்டுற பச்சை லைட் எரியல. 2000 அடியில ஆட்டோபைலட்டைப் போட்டுட்டு, காக்பிட்ல இருந்த அத்தனை பேர் கவனமும் அந்த லைட் மேல போயிடுச்சு. நடுவுல ஆட்டோபைலட்டோட உயரப்பிடிப்பு விலகி விமானம் மெல்ல மெல்ல இறங்குது. எச்சரிக்கை மணி அடிச்சும் யாரும் கவனிக்கல. சதுப்பு நிலத்துல மோதி 101 பேர் செத்துப் போனாங்க. சக்கரம் சரியாத்தான் இறங்கியிருந்துச்சு. பல்புதான் ஃபியூஸ்.

இதை ஏன் ஒரு டாக்டர் சொல்லணும்னா, சங்கரன்கோவில் பக்கம் பாம்புக்கடி சகஜம். புற்று மண்ணையே பிரசாதமா வாங்குற ஊரு இது. கடிபட்டு வந்தவர்கிட்ட 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ஞ்ச கண்ணாடி டியூப்ல ஊத்தி 20 நிமிஷம் அசைக்காம வெப்போம். அப்புறம் சாய்ச்சுப் பார்க்கும்போது உறையாம ஓடினா விஷம் ரத்தத்துல வேலையைக் காட்டிடுச்சுன்னு அர்த்தம். கூட வந்தவங்க கொதிச்சுப் போவாங்க. "உயிருக்குப் போராடிட்டு இருக்கான், நீங்க என்ன சார் கடியாரத்தைப் பாத்துட்டு நிக்கீங்க? ஊசியைப் போடுங்க!"

விஷமுறிவு மருந்து சாதாரண ஊசி இல்ல. சிலருக்கு அலர்ஜி ஆகி பிரஷர் படக்குன்னு இறங்கிடும். விஷம் ஏறின அறிகுறி இல்லாதவருக்கு அதைப் போட்டா நாமளே ஆபத்தை வாங்கிக் குடுத்த மாதிரி. அதனால காத்திருக்கோம்.

ஆனா டியூபையே பாத்துட்டு நின்னா நாங்களும் அந்த 401 காக்பிட்தான். கண்ணாடி விரியன்னா டியூப் சொல்லிடும். கட்டுவிரியனும் நல்ல பாம்பும் நரம்பைத் தாக்கும். ரத்தம் அழகா உறையும், மூச்சு நின்னு போகும். கட்டுவிரியன் கடிச்ச இடத்துல வீக்கமோ வலியோகூட பெருசா இருக்காது. அதனால ஒருத்தர் டியூபைப் பார்த்தா இன்னொருத்தர் ஆளைப் பாக்கணும். இமை தொங்குதா, பேச்சு குழறுதா, எச்சில் முழுங்க முடியுதா? இதுல ஒண்ணு இருந்தாலும் 20 நிமிஷம்லாம் காத்திருக்க மாட்டோம், மருந்து உடனே ஏறிடும்.

சிஸ்டர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, "அண்ணாச்சி, மேல பாருங்க. ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுங்க பாப்போம்"னு சொல்வாங்க. வெளையாடுறாங்கன்னு சண்டைக்கு வராதீங்க. போன தடவை இருபது வரைக்கும் எண்ணினவர் இப்போ பன்னெண்டுல நிறுத்தினா, அப்பவே மூச்சுக்குழாய் போட ரெடி ஆயிருவோம்.