விடுமுறையின் கடைசி மூன்று நாட்கள்

களிப்புக்காக ஓரிடத்துக்குச் சென்று தங்குவது எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்குப் பழக்கமான காரியமன்று. மணம் முடித்த முப்பது ஆண்டுகளில் நாங்கள் இருவரும் பயணம் செய்யாதவர்கள் அல்லர். ஆயின் அவையெல்லாம் இடப்பெயர்வுகள், இடமாற்றங்கள், சாவீடுகள், பரீட்சைக் கடமைகள். 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையிலேதான் முதன்முறையாக யாதொரு கடமையுமின்றி யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். கனடாவிலிருக்கும் மகன், தன் மனைவியோடு பனிமலையில் சறுக்கி விளையாடிய படங்களை அனுப்பி, "நீங்களும் ஒருமுறை குளிருள்ள மலைக்குப் போய் வாருங்கள்" என்று பணமும் அனுப்பியிருந்தான். அப்பணத்தைக் கொண்டு அப்புத்தளையில் ஒரு வாரம் தங்கினோம். அவ்வாரத்தின் முதல் நாட்களைப் பற்றி எழுத எதுவுமில்லை. உண்டோம், உறங்கினோம், முகில் பார்த்தோம். கடைசி மூன்று நாட்களைப் பற்றியே இங்கு சொல்ல விரும்புகிறோம்.

முதலாம் நாள் தம்பேதன்னைத் தோட்டத்துக்குச் சென்றோம். தோமஸ் லிப்டன் 1890இல் அமைத்த தேயிலைத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. அதற்கு மேலே, அவர் அமர்ந்து தம் உடைமைகளைப் பார்வையிட்டார் எனப்படும் மலையுச்சியும் இருக்கிறது. உச்சியில் அவருக்கு ஒரு சிலையும் உண்டு. உல்லாசப் பயணிகள் அச்சிலையின் பக்கத்தில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்கிறார்கள். நாங்களும் பிடித்துக்கொண்டோம்.

அது ஊவாத் தேயிலைக்குப் பேர்போன பருவம். ஆண்டுதோறும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளில் இறக்கிவிட்டு, வறண்ட கச்சானாக இம்மலைகளைக் கடந்து வீசுகிறது. அந்தக் காற்றில் தேயிலைச் செடி வாடுகிறது, கொழுந்து மெதுவாக வளர்கிறது. அவ்வாட்டத்திலிருந்தே உலகச் சந்தை விலை கொடுத்து வாங்கும் வாசனை பிறக்கிறது. செடி துன்புற்றாற்றான் தேநீர் சிறக்கும் என்று வழிகாட்டி பெருமையோடு கூறினார். செடிக்கு மட்டுமா அது பொருந்தும் என்று எங்களில் ஒருவர் கேட்க, அவர் சிரித்துவிட்டு வேறு விஷயம் பேசத் தொடங்கினார்.

திரும்பும் வழியில், சரிவிலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் தம்முள் உரத்துப் பேசிச் சிரித்தனர். அந்தப் பேச்சின் இழுப்பும் நெளிவும் எங்களை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னே கொண்டுசென்றன. எங்கள் இருவரில் ஒருவருடைய தாய்வீட்டில் அதே பேச்சைப் பேசிய சிறுமி ஒருத்தி இருந்தாள். அன்று இரவு விடுதியில் அவளைப் பற்றியே பேசினோம். அவளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது, முப்பது ஆண்டு இல்வாழ்வில் அதுவே முதல் முறை.

இரண்டாம் நாள் எல்லவுக்குச் சென்று ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்தோம். கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக 1921இல் எழுந்த அழகிய பாலம். அதற்கப்பால் தெமோதரையில் பாதை வட்டமாகச் சுழன்று, தான் கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்கிறது. 1924இல் அப்பாதை பதுளையை எட்டியது. மலையிலிருந்து தேயிலையைக் கடலுக்கும், கடலிலிருந்து அரிசியை மலைக்கும் கொண்டுசெல்லக் கட்டப்பட்ட வழி இன்று பயணிகளின் கண்காட்சியாகியிருக்கிறது. கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு மூதாட்டி, படம் பிடித்தவர்களிடம் கைநீட்டிப் பணம் கேட்டார். "பிச்சை எடுக்கப் பழக்கிவிட்டார்கள்" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் தமிழிலே முணுமுணுத்தார். தம் முகத்தைக் கொடுத்ததற்குக் கூலி கேட்பது பிச்சையாகுமா என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

பாலத்தை நோக்கியிருந்த உணவகத்தில் தேநீர் அருந்தினோம். கிண்ணம் அறுநூறு ரூபா. எங்களில் ஒருவர் கணித ஆசிரியர். கணக்குப் பார்க்காமல் இருக்க அவரால் இயலாது. ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு இருபது கிலோ கொழுந்து எடுக்கிறார் என்று கொள்வோம். ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. ஆகவே அவர் கையால் நான்கு கிலோ தேயிலை. ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கிராம் போதும். ஆகவே இரண்டாயிரம் கிண்ணம். ஆயிரம் ரூபா நாட்கூலி கேட்டுத் தோட்ட மக்கள் பல ஆண்டுகள் போராடி, அது 2021இல் சட்டப்படி கிடைத்தது. 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவாயிற்று. நாங்கள் அங்கிருந்த ஆகஸ்டிலும் அதுவே கூலி. இரண்டாயிரம் கிண்ணத்துக்குக் கொழுந்தெடுத்தவர், தம் ஒரு நாட்கூலியைக் கொண்டு அந்த உணவகத்தில் இரண்டு கிண்ணம் வாங்கலாம். மூன்றாவதற்குப் பணம் போதாது. இடையிலே ஆலையும் கப்பலும் வியாபாரியும் உண்டென்பதை நாம் மறக்கவில்லை. எனினும் எண்ணும்போது தேநீர் ஆறிப்போயிற்று.

மூன்றாம் நாள் பதுளைக்கு வந்தோம். மாலையில் இரவுத் தபால் வண்டி; அதுவரை நகரம் பார்க்கலாம் என்பது திட்டம். முத்தியங்கணை விகாரையைக் கண்டோம். பிறகு புனித மாற்கு தேவாலயம். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் ராஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்றும், ஊவாவில் வீதிகள் திறந்தவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்வர். அவ்வீதிகளை வெட்டியவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறதா என்று நாங்கள் தேடவில்லை. இராது என்பது தெரியும்.

நகருக்குப் பக்கத்திலேயே வெவெஸ்ஸத் தோட்டம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டு ஊவாவில் எழுந்த வேலைநிறுத்த அலையில், இத்தோட்டத்துத் தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தனர். அக்குழுவைக் கலந்தே இனி நடப்பேன் என்று துரை இணங்க நேர்ந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலிசாரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தவர்களும் அவர்களே. பின்னர் அடக்குமுறை வென்றது. எட்டே ஆண்டுகளில், 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 'ஒன்றுமறியாத தோட்டக்காட்டார்' என்று எங்கள் வீடுகளில் சொல்லக் கேட்டு வளர்ந்த நாங்கள், வெவெஸ்ஸவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, படிப்பித்ததுமில்லை.

நண்பகலுக்கு இன்னும் நேரமிருந்தது. இருவரில் யார் முதலில் சொன்னோம் என்பது நினைவில்லை. பசறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டோம். அச்சிறுமி பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள் என்பது ஒன்றே எங்களுக்குத் தெரியும்.

1973, 74இல் தோட்டங்களில் கொடும் பஞ்சம் நிலவியது. அரிசியும் மாவும் அருகின. பட்டினியால் மக்கள் மாண்டனர். அந்த 1974இல், ஒன்பது பத்து வயதினளான அவளை ஒரு தரகர் அழைத்து வந்து எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார். அவள் முற்றம் கூட்டினாள், கிணற்றில் நீரிறைத்தாள், ஏழு வயதுப் பிள்ளையாகிய எங்களில் ஒருவரின் புத்தகப் பையைப் பள்ளிக்கூட வாசல்வரை சுமந்து வந்து திரும்பினாள். வாசலுக்கு அப்பால் அவள் வந்ததில்லை. வீட்டிலே யாரும் அவளை அடித்ததில்லை; இதையே ஒரு நற்சான்றாக நாங்கள் நெடுங்காலம் வைத்திருந்தோம். மூன்றாண்டுக்குப் பின் தந்தை வந்து அழைத்துச் சென்றார். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகத் தாள் வந்துவிட்டதென்றார். அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்குப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்பதாக ஒத்திவைத்தது. அக்கணக்கின் எந்தப் பத்தியில் அவள் விழுந்தாள் என்பதை எங்கள் வீட்டில் எவரும் விசாரிக்கவில்லை.

பசறையை அடுத்து ஒரு சிறு தேநீர்க் கடை. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா அதை நடத்தினார். முப்பத்தைந்து ஆண்டு கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். பிளேன் டீ போட்டுக் கொடுத்தார். உலகம் மெச்சும் ஊவாத் தேயிலையன்று. கழிவாய் நின்ற தூள். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னோம். அவர் வியப்படையவில்லை.

"பஞ்சத்துல போன புள்ளைங்க நெறய பேருங்க. என் தங்கச்சிகூட கொழும்புக்குப் போச்சு. ஒங்க வீட்டுப் புள்ள பேரு என்னா?"

வீட்டில் வழங்கிய பெயரைச் சொன்னோம்.

"அது நீங்க வச்ச பேரா, அவ அப்பன் வச்ச பேரா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் வந்த அன்று, அவளுடைய பெயர் வீட்டில் ஒரு பெரியவரின் பெயராயிருந்தபடியால், கூப்பிடுவது மரியாதையன்று எனக் கருதி வேறொரு பெயர் சூட்டினார்கள். எந்தப் பெரியவர், என்ன பெயர் என்பது நினைவில் இல்லை. நினைவிருந்திருக்கக் கூடியவர்கள் இறந்துபோயினர். அந்தச் சூட்டிய பெயரை இங்கே எழுத விரும்பவில்லை; அது அவளுடையதன்று.

"பேரு தெரியாம எப்புடிங்கையா தேடுறது?" என்றார் அவர். குற்றஞ்சாட்டும் தொனியில் அல்ல; உள்ளபடியே வழி யோசித்த தொனியில். பிறகு, "இந்தியாவுக்குப் போயிருந்தா கோத்தகிரிப் பக்கம் கொழுந்துதான் எடுத்திருக்கும்" என்று தாமே ஆறுதல் சொன்னார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார், வற்புறுத்தியபின் வாங்கிக்கொண்டார்.

மாலை வண்டியில் ஏறினோம். தெமோதரையில் இருள் சூழ்ந்தது. லயங்களின் விளக்குகள் மலைச்சரிவுகளில் வரிசையாகத் தெரிந்தன. மகன் அலைபேசியில் அழைத்து, "எப்படி விடுமுறை?" என்று கேட்டான். அங்கு போன புதிதில் இரவெல்லாம் ஒரு விடுதிச் சமையலறையில் கோப்பை கழுவியவன் அவன். அங்கே அவனுடைய நெடும் பெயரை ஓரசையாக வெட்டிக் கூப்பிட்டபோது எவ்வளவு வருந்தினான் என்பதும், நாங்கள் எவ்வளவு சினந்தோம் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தன. "நன்றாக இருந்தது" என்றோம்.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழை மலையகத்தைத் தாக்கியது. பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து பலர் மாண்டனர். நாங்கள் வந்த ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தையின் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. முன்னெச்சரிக்கைகள் இருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்திருந்தனர். பதினோராண்டுக்குப் பின்னும் சரிவின் கீழே வாழ்வோர் இருந்தனர். செய்தி கேட்டதும் எவரையாவது அழைத்து நலம் விசாரிக்க வேண்டும் என்று துடித்தோம். எங்கள் கையில் ஊவாவின் இருநூறு படங்கள் இருந்தன. பசறை அம்மாவின் பெயரைக்கூட நாங்கள் கேட்டிருக்கவில்லை.

ஐம்பது ஆண்டுக்கு முன் செய்ததையே, களைப்பாறச் சென்ற இடத்தில் மீண்டும் செய்துவிட்டு வந்திருக்கிறோம். பரிவு இருந்தது, பெயர் கேட்கத் தோன்றவில்லை. மலையக மக்களின் துயருக்குத் துரைமாரையும் கம்பனிகளையும் அரசாங்கங்களையும் மேடைகளில் நாம் கண்டித்திருக்கிறோம், அக்கண்டனத்தில் பிழையேதுமில்லை. ஆயின் அத்துயரின் ஒரு பங்கு நம் முற்றங்களைக் கூட்டி, நம் கிணறுகளில் நீரிறைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அக்கண்டனம் முழுமையாகாது.

நிவாரணத்துக்கு இயன்றதை அனுப்பினோம். அதோடு, தை மாதத்தில் எங்கள் வகுப்புகளில் ஒரு பயிற்சி கொடுத்தோம்: 'உங்கள் பாட்டன் பாட்டியரின் வீட்டில் வேலை செய்த பிள்ளை யார்? எந்தத் தோட்டம்? பெற்றோர் இட்ட பெயர் என்ன? கேட்டு எழுதுக.' சில வீடுகளில் கோபித்தார்கள். சில பிள்ளைகள் பெயர்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். முதற்பக்கத்தில், எங்கள் வீட்டுக்கென ஒதுக்கிய வரியில், 'பசறை, 1974' என்பது மட்டுமே இருக்கிறது.