நெட்டிலிங்கத்து இலை

கல்யாண மேடையில ரோஜாவுக்கும் சாமந்திக்கும் பின்னால, ஓரம் அலையலையா நெளிஞ்ச நீள இலை பார்த்திருப்பீங்க. அசோக இலைன்னு சொல்வோம். உண்மையில் அது நெட்டிலிங்கம். நிஜ அசோகம் வேற மரம். ஆரஞ்சும் சிவப்புமா கொத்துக் கொத்தாப் பூக்கும். நெட்டிலிங்கப் பூ வெளிர்பச்சை, இலையோட இலையா மறைஞ்சிடும்.

எங்க கிணத்து மேட்டுல எட்டு மரம் நிக்குது. வேர் பிடிச்ச பிறகு தனியாத் தண்ணி விட்டதில்லை. சித்திரை வெயில்லயும் பச்சை மாறாது. முகூர்த்த மாசம் வந்தா டெக்கரேஷன் பசங்க, "அண்ணே, நாலு கட்டு இலை வேணும்"னு வந்து நிப்பாங்க. பூவுக்குக் கிலோ கணக்குல விலை பேசுறவங்க, இலைக்கு டீக்காசுதான் நீட்டுவாங்க. அது போகட்டும். நுனியை ஒடிக்கிறதுதான் எனக்கு ஆகாது. நுனி போனா மரத்தோட நேர் வளர்த்தி போச்சு. பழம் பழுக்கும்போது வௌவாலும் குயிலும் இதைத் தேடி வரும். மொட்டையடிச்சா அதுங்க எங்க போகும்? அதனால பக்கக் கிளை மட்டும்தான், அதுவும் நான் கூட நின்னு வெட்டித் தருவேன்.

டவுன்ல உங்க காம்பவுண்டு ஓரத்துலயும் இந்த மரம் இருக்கும். இலை கேட்டா தாராளமாக் கொடுங்க. நுனியில மட்டும் கை வைக்க விடாதீங்க.