பூங்காவுக்கு வழிவிட்ட ஊர்

எங்களில் ஒருத்தியின் சித்தி நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகரத்தில் இருக்கிறா. போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினா. அகழி, பாலம், கூம்புக் கோபுரங்கள். "பிள்ளையள், இதைப் பாருங்கோ, படத்துக்குப் போட்ட செற் மாதிரி" எண்டு கீழே எழுதியிருந்தா. அடுத்த படம் பக்கத்து ஊர். வீட்டுக்கு வீடு யன்னல் கதவுகளில் ஒரே சிவப்பும் வெள்ளையும். நாங்கள் கோட்டையை விட்டுட்டு அந்த யன்னல்களிலேயே நிண்டுட்டம். ஊர் முழுக்க ஒரே நிறம் அடிக்க ஆர் சொன்னது?

கோட்டையின் பெயர் டி ஹார். ஊர் ஹார்சைலன்ஸ். ஒல்லாந்தர் எண்டால் எங்களுக்கு 1658, யாழ்ப்பாணக் கோட்டை, கறுவா, தோம்பு. பரீட்சைக்குப் படிச்சது அவ்வளவுதான். அவர்களுடைய நாட்டிலும் ஒரு பிரபுவுக்குக் கட்டுப்பட்டுக் குத்தகைக்கு இருந்த சனம் உண்டு எண்டு நாங்கள் யோசிச்சுப் பார்த்ததே இல்லை.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1391 இல் டி ஹார் குடும்பத்துக்கு இந்த இடம் மானியமாகக் கிடைத்தது. 1440 இல் ஆண் வாரிசு இல்லாமல் போக, வான் ஸைலன் குடும்பத்தின் கைக்கு மாறியது. 1482 இல் எரிக்கப்பட்டது, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. 1641 இல் அந்தக் கிளையும் பிள்ளையில்லாமல் முடிந்தபிறகு, கவனிப்பாரில்லாமல் இடிந்துபோய்க் கிடந்தது.

1890 இல் அந்த இடிபாடு எதியென் வான் ஸைலன் என்ற பரோனுக்கு முதுசமாக வந்தது. அவர் மூன்று வருசத்துக்கு முதல்தான் எலென் டி றொத்சைல்டைக் கலியாணம் கட்டியிருந்தார். அந்த வங்கிக் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் காசு எங்கே இருந்து வந்தது எண்டு விளக்கத் தேவையில்லை. ஆம்ஸ்டர்டாமின் பெரிய அருங்காட்சியகத்தையும் மத்திய ரயில் நிலையத்தையும் வடிவமைத்த பியர் கெய்பர்ஸிடம் வேலை கொடுக்கப்பட்டது. 1892 இல் தொடங்கி 1912 வரை இழுபட்டது. 200 அறை, 30 குளியலறை. வெளியே மத்தியகாலம். உள்ளே சொந்த மின்சாரமும் நீராவிச் சூடாக்கியும்!

கோட்டைக்கு ஏற்ற பூங்கா வேணும். பூங்கா வரவேண்டிய இடத்தில் ஊர் இருந்தது. ஆகவே ஊரை எடுத்துவிட்டார்கள். தேவாலயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற வீடுகளை உடைத்து, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் புதிய ஊர் கட்டினார்கள். அதையும் பழங்காலத்து ஊர் மாதிரியே கட்டினார்கள், நடுவில் புல்வெளி முற்றத்தோடு. சனம் அங்கே கோட்டைக்காரரின் குத்தகைக்காரராக இருந்தது. சிவப்பும் வெள்ளையும் கோட்டையின் நிறங்கள். எங்கள் கேள்விக்கு விடை அதுதான்.

மரங்கள் வளரும்வரை காத்திருக்கப் பரோனுக்குப் பொறுமை இல்லை. நாற்பது வயது மரங்களாக 7000 வாங்கினார். உட்ரெக்ட் தெருக்களுக்குள்ளால் அவற்றைக் கொண்டுபோக முடியாமல், ஒரு வீட்டை விலைக்கு வாங்கி இடித்து வழி எடுத்தார்களாம். நாங்கள் படித்த சுற்றுலாக் குறிப்புகள் இதைப் பகிடியாகச் சொல்லுகின்றன. மரத்துக்கு எண்ணிக்கை உண்டு, குளியலறைக்கும் உண்டு. எத்தனை குடும்பம் சட்டிபானை தூக்கிக்கொண்டு போனது எண்டு அவற்றில் ஒரு வரியும் இல்லை.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளே சண்டை வந்தது. "புது வீடு கட்டிக் குடுத்தவங்கள்தானே, பழைய குடிசையிலும் பாக்க நல்லாத்தானே இருந்திருக்கும்?" எண்டு ஒருவன் கேட்டான். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வீடு நல்லதோ கெட்டதோ, "நாங்கள் இங்கேயே இருக்கிறம்" எண்டு சொல்லுற உரிமை குத்தகைக்காரனுக்கு எங்கே இருந்தது? காணி அவனுடையது இல்லையே. இதைவிட எங்களை உறுத்தினது இன்னொன்று. பரோன் குடும்பம் அங்கே நிரந்தரமாக இருக்கவே இல்லை. விருந்தாளிகளோடு வந்து தங்கினது வருசத்தில் ஒரு மாதம் மட்டில், செப்டெம்பரில். ஒரு மாதத்துக் காட்சிக்காக ஒரு ஊர் இடம் மாறியிருக்கிறது.

கெய்பர்ஸ் செய்த ஒரு வேலை எங்களுக்குப் பிடித்திருந்தது, சொல்லத்தான் வேணும். பழைய சுவர் எது, தான் கட்டியது எது எண்டு தெரியட்டும் எண்டு புதுச் சுவருக்கு வேறு வகைச் செங்கல் வைத்தார். கல்லுக்கு அந்த நேர்மை கிடைத்திருக்கிறது. ஊர் இருந்த நிலத்துக்கு மேல் புல்லும் மரமும்தான்.

2000 ஆம் ஆண்டில் கோட்டையும் தோட்டமும் ஒரு அறக்கட்டளைக்குப் போய்விட்டன. ஆனாலும் வருசத்தில் ஒரு மாதம் தங்கும் உரிமையைக் குடும்பம் தன்னிடம் வைத்துக்கொண்டது. இப்போது அங்கே எல்ஃபியா எண்டு ஒரு திருவிழா நடக்கிறது. இளம் சனம் மாயக்கதை வேசம் போட்டுக்கொண்டு பூங்கா முழுக்கத் திரிகிறது. கிட்ட இருந்தால் நாங்களும் போயிருப்பம், பொய் சொல்லக்கூடாது.

அந்தத் தேவாலயம் மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. சித்தியின் படங்களில் அது இல்லை. அடுத்தமுறை போனால் கோபுரத்தை விட்டுட்டு அதை எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறம். "அதில என்ன கிடக்கு பிள்ளையள்?" எண்டு கேட்டா. பக்கத்தில் வீடு இருந்த அடையாளம் ஏதும் தெரியுதோ எண்டும் பாருங்கோ சித்தி எண்டு பதில் போட்டிருக்கிறம்.