பல்லும் சொல்லும்

எழுத்துப் பிறக்கும் உறுப்புகளுள் பல்லையும் சேர்த்தெண்ணினார் தொல்காப்பியனார். அதன் பொருளை யாம் உணர்ந்தது, அட்டன் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்த எம் அன்னையார் பற்கள் யாவும் இழந்த பின்னரே. 'வா' என்று அவர் அழைப்பது தெளிவின்றி ஒலித்தது. தாங்குதற்குப் பல்லின்றித் தாடையென்பு தேய்ந்தமையாற் பொய்ப்பல்லும் நில்லாது வழுவிற்று.

என்பு தைத்தேனியத்தோடு ஒன்றிப் பிணையுமெனக் கண்ட சுவீடன் அறிஞர் பிரோனமார்க், 1965இல் நோயாளி ஒருவரின் தாடையிற் செயற்கைவேர் பதித்தார். மிகத் தேய்ந்த தாடைக்கோ, முதலில் இடுப்பென்பிற் சிறிது எடுத்து ஒட்டி, அது பொருந்தத் திங்கள் பல காத்திருத்தல் வேண்டும். மருத்துவர் இதனை விளக்கியபோது, "மலையேறின இடுப்பு, தம்பி; அதைத் தொடவேண்டாம்" என்றார் அன்னையார். யாம் வற்புறுத்தவில்லை. அவர் அழைப்பை இன்று எம் செவி மட்டுமே அறியும்.

இளைஞர்காள்! ஒரு பல் வீழினும் வாளா இராது, என்பு தேயுமுன் மருத்துவரை நாடுமின்.