கத்தியும் கருணையும்



கத்தி தீட்டுவதைப் பற்றி எழுத ஒரு மௌலவிக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போதெல்லாம் என் நெஞ்சை உறுத்தும் ஒரு சம்பவத்தைச் சொன்னால் காரணம் விளங்கிவிடும்.

நான் அறபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த காலம். பெருநாள் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் ஒழுங்கையில் வசித்த ஒரு வயோதிபத் தாய், தனது உழ்ஹிய்யா ஆட்டை நான்தான் அறுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஓதுகிற பிள்ளை அறுத்தால் பரக்கத் என்பது அவரது எண்ணம். கத்தியையும் அவரே எடுத்துத் தந்தார். கழுவித் துடைத்திருந்ததால் பளபளவென்றிருந்தது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை. பிஸ்மி சொல்லி இழுத்தேன். தோல்தான் கீறியது. இரண்டாம் முறை இழுத்தேன், மூன்றாம் முறையும் இழுத்தேன். அந்த வாயில்லா ஜீவன் துடித்த துடிப்பை இன்றும் மறக்க முடியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அந்தத் தாய் மெதுவாகக் கேட்டார்: "கத்தியப் பாக்கலியா மகன்?"

வெட்கத்தால் தலைகுனிந்து நின்றேன். எல்லாக் காரியத்தையும் அழகுறச் செய்யுமாறும், அறுப்பவர் தம் கத்தியைக் கூராக்கிப் பிராணியின் வேதனையைக் குறைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸை நான் அதற்கு முன்பே மனனம் செய்திருந்தேன். ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் ஹதீஸ் அது. நாவில் இருந்தது, கையில் இருக்கவில்லை.

அன்றிலிருந்து பெருநாள் கத்தியில் கவனமாக இருந்தேன். ஆனால் வீட்டுக் குசினியை மறந்துவிட்டேன். ஒருநாள் பூசணிக்காய் வெட்டும்போது மழுங்கிய கத்தி வழுக்கி என் மனைவியின் கையில் ஆழமாகக் காயம் பட்டுவிட்டது. கூரான கத்தி தானாக இறங்கும். மொட்டைக் கத்தியைப் பலம் கொடுத்து அழுத்த வேண்டியிருக்கிறது. அந்தப் பலத்தோடுதான் அது வழுக்குகிறது. காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஆட்டுக்கு மட்டுமா அந்த ஹதீஸ்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பிறகுதான் வீட்டில் யாரும் பயமின்றிப் பாவிக்கக்கூடிய தீட்டுக் கருவி ஒன்றைத் தேடினேன். சீமெந்துப் படியில் தேய்ப்பது கத்தியைக் கெடுக்கும். வெறும் தீட்டுக்கல் நல்லதுதான். ஆனால் பழகாத கை ஒவ்வொரு இழுப்பிலும் சாய்வை மாற்றிவிடும். சாய்வு மாறினால் கூர் வராது. கோணம் காட்டும் கருவியில் கத்தியை ஒரு கிளாம்ப் பிடித்துக்கொள்ளும். சிறு கற்களில் பொருத்திய கம்பி, குறிப்பிட்ட துவாரத்தின் வழியே சென்று வரும். ஆகவே சாய்வு மாறாது.

வாங்கும்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். முதலாவது கிளாம்ப். கத்தியை ஆடாமல் பிடிக்க வேண்டும். பேனாக்கத்தியின் அலகு மெல்லியது; வழுக்கினால் கடதாசி டேப் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்கலாம்.

இரண்டாவது கோணம். இத்தகைய கருவிகளில் பெரும்பாலும் 17, 20, 25, 30 பாகை என்று துவாரங்கள் இருக்கும். ஒரு கடதாசியின் மூலை 90 பாகை. அதை மடித்தால் 45, மீண்டும் மடித்தால் இருபத்திரண்டரை. குசினிக் கத்திக்கும் பேனாக்கத்திக்கும் ஏறத்தாழ அந்தச் சாய்வுதான் வேண்டும். 20 பாகை போதும். கோணம் குறைந்தால் கூர் கூடும், ஆனால் விரைவில் மழுங்கும். கயிறு, தடி வெட்டும் கத்திக்கு 25 நல்லது.

மூன்றாவது கற்கள். இலக்கம் கூடக்கூடக் கல் நயமாகும். 120 அளவில் ஒரு முரட்டுக் கல், 280 அளவில் ஒரு நடுத்தரக் கல், 600 அளவில் ஒரு நயமான கல் ஆகிய மூன்றும் ஒரு வீட்டுக்குத் தாராளம். பத்துக் கல் அடங்கிய விலை கூடிய பெட்டிக்கு ஆசைப்படுவது வீண்விரயம். எண்ணெய் பூசும் கல்லானால் அதற்குரிய எண்ணெயையே பாவியுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துக் கல்லை அடைத்துவிடும்.

முதலில் பழைய பேனாக்கத்தி ஒன்றில் பழகுங்கள். நான் வாப்பாவின் பேனாக்கத்தியில்தான் பழகினேன். கத்தியின் வாயில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு, கல்லை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். மை விளிம்புவரை அழிந்தால் கோணம் சரி. ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். அது முழு நீளத்துக்கும் எழுந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். இறுதியில் நயமான கல்லால் அழுத்தாமல் மாறிமாறித் தடவினால் பிசிறு போய்விடும். கூரை விரலால் சோதிக்காதீர்கள். ஒரு கடதாசியை வெட்டிப் பாருங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுக்கும் நீண்ட கத்திக்கு இந்தக் கருவி அவ்வளவு பொருந்தாது. கிளாம்பிலிருந்து தூரம் போகப்போகக் கோணம் குறைந்துவிடும். இடம் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். அதற்குப் பெரிய தீட்டுக்கல்லே ஏற்றது. ஆனால் சிறு கத்தியில் சாய்வைக் கண்டு பழகிய கை, பெரிய கல்லிலும் அதைத் தவறவிடாது.

சகோதரிகளே, இது ஆண்களின் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் உழ்ஹிய்யா கொடுக்கச் சென்றபோது கத்தியைக் கொண்டுவந்து கல்லில் தீட்டித் தருமாறு கேட்டது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம்தான். அன்னையவர்களும் அவ்வாறே செய்தார்கள். இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் குசினிக் கத்திகளை மனைவி தீட்டுகிறார். பெருநாள் கத்தியை நான் முதல்நாள் இரவே தீட்டி, கடதாசியில் சோதித்து, துணியில் சுற்றி வைத்துவிடுவேன். பிராணியின் கண்முன்னே கத்தி தீட்டுவதையும் நபியவர்கள் கண்டித்திருக்கிறார்கள் அல்லவா! அந்தத் தாய் வபாத்தாகிப் பல வருடங்களாகிவிட்டன. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. கத்தியைத் துணியில் சுற்றும்போதெல்லாம் அவரது கேள்வி என் காதில் ஒலிக்கிறது.

இம்முறை பெருநாளுக்கு உங்கள் வீட்டிலிருந்து யாராவது கத்தியுடன் புறப்பட்டால், நீங்களும் அதே கேள்வியைக் கேளுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் அமல்களையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.