ஜாக்கிரதை, இனி இது காலி

2009இல் எழுதப்பட்ட நிரல் ஒன்றைச் சென்ற மாதம் புதுப்பிக்க நேர்ந்தது. எழுதியவர் எனக்கு சி++ கற்றுத்தந்தவர். சார் என்றே அழைப்போம். இன்று அவர் இல்லை.

அந்த நிரல் நம்பியிருந்த லைப்ரரி ஒன்றின் புதிய பதிப்பு, சி++17 இல்லாமல் இயங்க மறுத்தது. நாங்களோ சி++11இல் நின்றிருந்தோம். சி++ மொழிக்கு எழுதப்பட்ட இலக்கணம் உண்டு. 1998இல் முதல் பதிப்பு வெளிவந்தது. 2011 தொடங்கி மூன்றாண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் புதுப்பிக்கிறார்கள். பழைய லைப்ரரியையே பிடித்துக்கொண்டு நான்கு ஆண்டுகளைக் கடத்தியிருந்தேன். இம்முறை எங்களுக்கு வேண்டிய திருத்தம் புதியதில் மட்டுமே இருந்தது.

வேலை என்னவோ எளிதாகத்தான் தொடங்கியது. சிமேக் கோப்பில் 11 என்பதை 17 ஆக்கினேன். அத்தரம் கட்டாயம் என்று இன்னொரு வரியும் சேர்த்தேன். சேர்க்காவிட்டால், பழைய கம்பைலரைக் கண்டதும் சிமேக் ஓசையின்றிக் கீழ்த்தரத்துக்கு இறங்கிவிடும். துணை லைப்ரரிகளையும் அதே தரத்தில் மறுபடி தொகுத்தேன். தரங்கள் கலந்தால் சில லைப்ரரிகள் இணைப்புக் கட்டத்தில் முரண்டு பிடிக்கும்.

லைப்ரரியின் புகார் தீர்ந்தது. உடனே சாரின் வரிகளிலிருந்து பிழைகள் கொட்டின.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலை நாம் இன்றும் வாசித்துவிடுகிறோம். கம்பைலர்களுக்கு அந்தப் பொறுமை ஒரே அளவில் இல்லை. ஜிசிசி எச்சரித்துவிட்டு அனுமதிக்கும் சில பழைய பிரயோகங்களை, என் மேக் கணினியிலுள்ள கிளாங் அடியோடு மறுத்தது. அவற்றுள் ஒன்று 'ஆட்டோ பாயிண்ட்டர்'. நினைவகத்தின் ஒரு பகுதிக்கு உரிமையாளராக இருப்பது அதன் பணி. அதில் ஒரு வஞ்சகம் உண்டு. பிரதி எடுப்பதுபோல் எழுதுவோம். உரிமை பிரதிக்குப் போய்விடும், மூலம் வெறுமையாகிவிடும். 2011இலேயே கைவிடத்தக்கது என்று அறிவித்து, சி++17இல் நீக்கிவிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் சார் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'ஜாக்கிரதை, இனி இது காலி.' நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலியான ஒன்றைத் தொட்டு நிரலைக் கவிழ்த்தவன். அக்குறிப்புகள் எனக்காகவே எழுதப்பட்டவை.

மாற்றாக வந்த 'யூனிக் பாயிண்ட்டர்' பிரதி எடுக்க விடாது. உரிமையை மாற்ற வேண்டுமானால் 'மூவ்' என்று வெளிப்படையாக எழுதியாக வேண்டும். அதாவது சார் ஓரத்தில் எழுதிய எச்சரிக்கையை இப்போது மொழியே எழுதச் சொல்கிறது. புதிய தரத்தை அதுவரை ஒரு தொந்தரவாகவே எண்ணியிருந்தேன். சாரைப்போல் எத்தனையோ பேருக்கு இருந்த கவலைதான் அங்கே விதியாகியிருக்கிறது என்று அன்று தோன்றியது.

குறிப்புகள் இனித் தேவையில்லை. பத்தொன்பது இடங்களில் அழித்தேன். இருபதாவதை அழிக்கக் கை வரவில்லை. அது பிழையில்லாமல் தொகுக்கப்பட்டுவிடுகிறது. கம்பைலர் குறிப்புகளை வாசிப்பதில்லை.