பூனையின் கிளாரினெட்

ஆரியங்கோட்டிலும் அதைச் சூழ்ந்த பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களிலும் வளரும் ஒரு குழந்தைக்கு, எண்பது கலைஞர்கள் ஒரே மேடையில் அமர்ந்து வாசிக்கும் மேலையிசையை நேரில் கேட்கும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. 2006-இல் தோன்றிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா மும்பையில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆயினும் அக்குழந்தையின் செவிக்கு அவ்விசை புதியதன்று. பூனையும் எலியும் ஒன்றையொன்று துரத்தும் கார்ட்டூன்களில் அது நாள்தோறும் வீட்டுக்குள் வந்துபோகிறது.

டாம், ஜெர்ரி படங்களுக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி, ஒவ்வோர் அடிக்கும் தாவலுக்கும் முழுப் பல்லியத்தையும் பயன்படுத்தினார். (பல்லியம் என்பது ஆர்கெஸ்ட்ராவுக்குப் புதிதாகச் செய்த கலைச்சொல் அன்று. பல இயங்கள் கூடி ஒலிப்பதைக் குறித்த பழஞ்சொல். நெடும்பல்லியத்தனார் என்னும் சங்கப் புலவரின் பெயரிலேயே அது இருக்கிறது.) 1947-இல் வெளிவந்து ஆஸ்கர் பெற்ற படத்தில் டாம், லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடியைப் பியானோவில் வாசிக்கிறது. 1950-இல் வந்த மற்றொன்றில் அது இசை நடத்துநராகிறது. ஜெர்ரி மேடைப் பலகையை அறுக்க, கலைஞர்கள் ஒவ்வொருவராகக் கீழே விழுகிறார்கள். எஞ்சிய கருவிகளையெல்லாம் டாம் ஒன்றே ஓடியோடி வாசிக்க நேர்கிறது. பல்லியம் என்பது எத்தனை பேருடைய உழைப்பு என்பதை இதைவிடச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன பாடம் வேறில்லை.

இப்படங்களில் பேச்சு அரிது என்பது எல்லையூரில் தனிப்பொருள் பெறுகிறது. பள்ளியில் மலையாளம் படித்துவரும் பேரனும், தமிழிலேயே செபமும் தாலாட்டும் அறிந்த பாட்டியும் ஒரே திரையின் முன் அமர்ந்தால், இருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படுவதில்லை.

ஆனால் ஓர் ஐயம் நியாயமானது. படம் செவிக்கு வழிகாட்டுகிறதா, செவியின் வேலையைத் தானே செய்துவிடுகிறதா? 1940-இல் டிஸ்னி வெளியிட்ட 'ஃபேன்டேசியா'வில் இரண்டும் நிகழ்கின்றன. லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி இசை நடத்திய அப்படத்தில், இசை இயற்றியோருள் அன்று உயிரோடிருந்தவர் ஸ்திராவின்ஸ்கி ஒருவரே. அவருடைய 'வசந்தச் சடங்கு' வெட்டி மாற்றி அடுக்கப்பட்டு டைனோசர்களின் கதையாயிற்று. அதைக் கண்ட குழந்தைக்குப் பிறகு அவ்விசையில் டைனோசரைத் தவிர வேறொன்றும் தோன்றாமற் போகலாம். மாறாக, தியூக்காவின் 'மந்திரவாதியின் சீடன்' பகுதியில் படம் இசைக்கு அடங்கி நடக்கிறது. மிக்கி கோடரியால் துடைப்பத்தை வெட்டியதும் எல்லாம் ஓய்கிறது; பின் மிகத் தாழ்ந்த சுரத்தில் ஒரு துளைக்கருவி முனகத் தொடங்க, இன்னொன்று அதைப் பின்தொடர்கிறது. இசையில் குரல் பெருகுவதும் திரையில் துடைப்பம் பெருகுவதும் ஒரே நிகழ்ச்சி. ஒரே மெட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் குரல்களில் நுழையும் முறையை இசைக்கல்லூரி மாணவனே தடுமாறிக் கற்கிறான். இங்கு ஐந்து வயதுப் பிள்ளை கண்டுகொள்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு வயலின் கூட்டத்தின் ஒலி இளையராஜாவின் பாடல்கள் வழியாகப் பழகியது. 2007-இல் வந்த 'இனிமே நாங்கதான்' என்னும் அனிமேஷன் படத்துக்கும் அவரே இசையமைத்தார். எனினும் அது பாட்டுகளால் நடக்கும் படம். கருவிகளை அறிமுகம் செய்வது அதன் நோக்கமன்று.

அந்நோக்கத்துக்கென்றே பிறந்த படைப்பு, 1936-இல் மாஸ்கோவின் குழந்தைகள் அரங்குக்காகப் புரோகோஃபியெவ் இயற்றிய 'பீட்டரும் ஓநாயும்'. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பஸ்ஸூன், ஓநாய்க்கு மூன்று கொம்புகள், பீட்டருக்கு நரம்புக் கருவிகள். 1946-இல் டிஸ்னி அதைக் கதைசொல்லியின் குரலோடு படமாக்கினார். 2006-இல் சூசி டெம்பிள்டன் பொம்மைகளை அசைத்து எடுத்த அரைமணிப் படத்தில் பேச்சே இல்லை. முதற் சில நிமிடங்கள் இசையும் இல்லை. அந்த மௌனத்தில் செவி பசித்துவிடுகிறது. பின் இசை எழும்போது குழந்தை அதைப் பின்னணியாகக் கேட்பதில்லை. லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அது முதலில் காட்டப்பட்டபோது பல்லியமும் திரையின் கீழே அமர்ந்து வாசித்தது. ஆஸ்கர் பெற்ற இப்படமே ஊர் நூலகத் திரையிடலுக்கு ஏற்றது. படம் முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு அதே இசையில் ஐந்து நிமிடத்தை மீண்டும் ஒலிக்கவிட்டால், 'இப்போது வந்தது யார்?' என்று பிள்ளைகளைக் கேட்கலாம். பெற்றோரும் விடைசொல்ல முந்துவர்.

தொடங்குமுன் கருவிகளைக் குழந்தைகளுக்குக் காட்டி, அவற்றுக்குரிய மெட்டை வாசித்துக்காட்ட வேண்டும் என்பது புரோகோஃபியெவின் விருப்பம். எல்லையூரில் அது நினைப்பதைவிட எளிது. கோயில் மேளத்தில் பல கருவிகள் ஒரு கணக்கில் சேர்வதையும், தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குரல்கள் பிரிந்து இணைவதையும் கேட்டே இங்குள்ள பிள்ளைகள் வளர்கின்றனர். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் வரும் பேண்டு செட்டில் கிளாரினெட் உண்டு, டிரம்பெட் உண்டு, பெருமுரசும் உண்டு. திருவிழா இல்லாத ஒரு ஞாயிறு மாலையில் அக்கிளாரினெட்காரரை நூலகத்துக்கு அழைத்தால் பூனை நேரிலேயே நடந்துவரும். பெருமுரசில் வேட்டைக்காரரின் துப்பாக்கி வெடிக்கும். பஸ்ஸூன் வாசிப்பவர் மட்டும் கிடைக்கமாட்டார். தாத்தாவைத் திரையில்தான் கேட்க வேண்டியிருக்கும்.